இரும்புப் பெட்டியும் இரண்டு கப்பல்களும்

 

கடலுக்கும் ஒட்டன்சத்திரத்திற்கும் உறவில்லை. தெற்கே பழனி மலைத்தொடர். மேற்கே முருகன் குடியிருக்கும் குன்று. கிழக்கே திண்டுக்கல் கோட்டைப் பாறை. இவ்வூரின் தக்காளியும் முருங்கையும் லாரிகளில் ஏறிக் கேரளத்திற்குப் போகுமே தவிர, கப்பலேறுவதை இங்குள்ளோர் கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்ட ஊரில், அதுவும் ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், 19-ஆம் நூற்றாண்டின் கவசப் போர்க்கப்பல்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதும் நியாயமே.

ஆனால் இரும்பும் காவலும் இம்மாவட்டத்திற்குப் புதியன அல்ல. திண்டுக்கல் என்றதும் தமிழ்நாடு முழுவதும் நினைவுக்கு வருபவை பூட்டும் இரும்புப் பெட்டியும். வட்டிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் கோயில்களிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியின் தத்துவம் எளியது. உள்ளே இருப்பது விலை உயர்ந்தது; எனவே சுற்றிலும் கனத்த இரும்பு. பெட்டி எதையும் ஈட்டித் தருவதில்லை. ஈட்டியதைக் காப்பது மட்டுமே அதன் தொழில். இன்னொன்றும் உண்டு. 1755-இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் படைத் தலைவராக இருந்தபோது, பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணைகொண்டு இங்கே ஒரு படைக்கலச் சாலையை நிறுவினார். ஆக, பிரெஞ்சு நாட்டுப் போர்த்தொழில் நுட்பம் இம்மண்ணுக்கு வந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அந்நாட்டார் கடலில் மிதக்கவிட்ட ஓர் இரும்புப் பெட்டியின் விளைவு எவ்வாறு இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தது, அதற்கான விலையைக் கொடுத்தவர் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

கவசம் என்னும் சொல் பழனிக்கு அருகில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டாதது. சட்டி நாளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிக்கும் சொல் அது. அதற்கு முன்னமேயே தமிழில் 'மெய்ம்மறை' என்றொரு அழகிய சொல் வழங்கியது. மெய்யை மறைப்பது மெய்ம்மறை. பதிற்றுப்பத்தில் சேர மன்னர்களை அவர்தம் வீரர்களுக்கு மெய்ம்மறை போன்றவர் என்று புலவர்கள் பாராட்டுகின்றனர். அரசன் கவசம் அணிந்தவன் என்பதன்று அங்கே பெருமை. அரசனே பிறர்க்குக் கவசம் என்பதுதான் பெருமை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு கடலுக்குப் போவோம்.

1853 நவம்பர் 30 அன்று, கருங்கடலின் சினோப் துறைமுகத்தில் துருக்கியக் கப்பற்படையை உருசியக் கப்பல்கள் தாக்கின. உருசியர்கள் பயன்படுத்தியவை வெடிகுண்டுகள். மரக்கலத்தின் பக்கத்தைத் துளைத்து உட்புகுந்து, அங்கே வெடித்துத் தீமூட்டும் குண்டுகள். துருக்கியக் கப்பல்கள் சில மணி நேரத்தில் எரிந்து அழிந்தன. பல நூற்றாண்டுகளாகக் கடலை ஆண்ட மரக்கப்பலின் காலம் முடிந்தது என்பதை அன்று உலகம் கண்டது. இரண்டே ஆண்டுகளில், 1855 அக்டோபர் 17-இல், கின்பர்ன் என்னும் உருசியக் கோட்டையின் முன் பிரெஞ்சுக்காரர்கள் மூன்று விந்தையான மிதவைகளைக் கொண்டுவந்து நிறுத்தினர். இரும்புத் தகடு போர்த்திய பீரங்கி மேடைகள் அவை. கோட்டையின் குண்டுகள் தகட்டில் பட்டுத் தெறித்து நீரில் விழுந்தன; கோட்டைதான் பணிந்தது.

அந்தப் பாடத்தை முழுமையாகக் கற்றவர் டுபுய் த லோம் என்னும் பிரெஞ்சுக் கப்பல் வல்லுநர். அவர் வரைந்த 'லா குளுவார்' என்னும் கப்பல் 1859 நவம்பர் 24-இல் தூலோன் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்டது. பெயரின் பொருள் 'புகழ்'. நீளம் ஏறத்தாழ 78 மீட்டர், எடை 5,600 டன்னுக்கு மேல், பீரங்கிகள் 36, பக்கவாட்டில் 12 சென்டிமீட்டர் கனமுள்ள இரும்புக் கவசம். பெருங்கடலில் செல்லத்தக்க முதல் கவசப் போர்க்கப்பல் இதுவே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இரும்புக் கப்பல் என்று உலகம் அஞ்சிய அந்தக் கப்பலின் உடல் மரம். முழுக் கப்பலையும் இரும்பால் கட்டும் அளவுக்கு அந்நாளில் பிரான்சின் இரும்புத் தொழில் வளரவில்லை. மரத்தின் மேல் இரும்புச் சட்டை போட்டது போன்ற ஏற்பாடு. சட்டை உறுதியாக இருந்தது; உடல் உளுத்தது. அதன் உடன்பிறப்புகளான 'நோர்மாந்தி' 1871-இலும் 'அன்வேன்சிபிள்' 1872-இலும் உடைக்கப்பட்டன. நோர்மாந்தி 1862-இல் மெக்சிகோ வரை சென்று, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் கவசக் கப்பல் என்ற பெயரைப் பெற்றது. அப்புகழும் அதன் மரத்தைக் காக்கவில்லை. லா குளுவார் சற்று நீண்ட நாள் வாழ்ந்தது. 1860-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அல்சீரியா சென்றபோது உடன் சென்றது. 1879-இல் படைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 1883-இல் உடைக்கப்பட்டது. புகழ் என்னும் பெயர் தாங்கியிருந்தும் பெரும் போர் எதிலும் வென்று புகழ் ஈட்டும் வாய்ப்பு அதற்கு வாய்க்கவில்லை. ஆயினும் அது மிதந்த ஒரே காரணத்தால் உலகிலுள்ள மரப் போர்க்கப்பல்கள் அனைத்தும் ஒரே நாளில் பழையனவாயின.

இங்கிலாந்து சும்மா இருக்குமா? 1860 டிசம்பர் 29-இல் 'வாரியர்' என்னும் கப்பலை இறக்கியது. இதன் உடலே இரும்பு. நாலரை அங்குலக் கவசம். அந்தக் கவசத்தின் பின்னே, குண்டடியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள ஓர் அடிக்கு மேற்பட்ட கனத்தில் மரப்பலகை. என்ன மரம் தெரியுமா? தேக்கு. ஆங்கிலத்தில் 'டீக்' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் தேக்கு என்னும் சொல்லே; போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஐரோப்பா சென்றது. கருவாலி மரத்தின் காடிப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப்பசை இரும்பைக் காக்கும். எனவே ஆங்கிலேயக் கவசக் கப்பல்களின் இரும்புக்கு முதுகு கொடுத்து நின்றது இந்தப் பக்கத்துக் காடுகளில் வளரும் மரம். கவசத்திற்கே கவசம் தேக்கு என்று சொன்னால் மிகையாகாது.

தேக்கைச் சொன்னதும் பம்பாயைச் சொல்லாமல் விட முடியாது. 1736-இல் சூரத்திலிருந்து வந்த பார்சித் தச்சர் லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழிவந்தோர் பம்பாய்க் கப்பல் கட்டும் துறையைத் தலைமுறை தலைமுறையாக நடத்தினர். மலபார்த் தேக்கில் அவர்கள் கட்டிய கப்பல்களை ஆங்கிலக் கடற்படையே விரும்பி வாங்கியது. 1813-இல் கட்டப்பட்ட 'கார்ன்வாலிஸ்' கப்பலில்தான் 1842-இல் சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1817-இல் ஜாம்சேத்ஜி போமன்ஜி வாடியா கட்டி முடித்த ஒரு கப்பலுக்குத் 'திரிங்கோமலி' என்று பெயர். நம் திருகோணமலைதான். 1782-இல் அவ்வூரின் கடலில் ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுக்கும் நடந்த போரின் நினைவாக வந்த பெயர் அது. அந்தச் சுஃப்ரன்தான் அதே ஆண்டில் கடலூர்ப் பக்கத்தில் ஐதர் அலியை நேரில் சந்தித்தவர். திண்டுக்கல்லில் பிரெஞ்சுக்காரரோடு தொடங்கிய ஐதரின் நட்பு கடைசி ஆண்டு வரை நீடித்திருக்கிறது. பம்பாய்த் தச்சர்கள் 1848-இல் இறக்கிய 'மீயானி' 80 பீரங்கிகள் தாங்கிய பெருங்கப்பல்.

அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான் தூலோனில் லா குளுவார் பிறந்தது. இரும்பு வந்தது; பம்பாய்த் தச்சரின் உளி ஓய்ந்தது. தகடு உருட்டும் ஆலையும் பெரும் உலைக்களமும் இல்லாத துறைமுகத்தில் கவசக் கப்பல் கட்ட இயலாது. அந்த ஆலைகளை இங்கே அமைக்க வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளர்களுக்கு எழவில்லை. இங்கிலாந்துக்குப் போர்க்கப்பல் கட்டித் தந்த பம்பாய், இனி இங்கிலாந்திலிருந்து போர்க்கப்பல் வாங்க வேண்டிய பம்பாயாக மாறியது. நெசவுக்கு நேர்ந்த கதையைப் பலரும் எழுதியிருக்கின்றனர். கப்பல் தச்சுக்கு நேர்ந்ததைத் தமிழில் எழுதியோர் மிகச் சிலரே.

வாங்க வேண்டிய தேவை விரைவிலேயே வந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி தடைப்பட, இந்தியப் பருத்தி பம்பாய் வழியாக இங்கிலாந்துக்குப் பாய்ந்தது. பம்பாயில் பணம் குவிந்தது. அதே அமெரிக்கப் போரில்தான், 1862 மார்ச் 9 அன்று, 'மானிட்டர்' என்னும் சுழலும் பீரங்கிக் கோபுரக் கப்பல் தென்னவரின் கவசக் கப்பலோடு மோதியது. இரண்டும் ஒன்றையொன்று வீழ்த்த முடியாமல் பிரிந்தன. தாழ்ந்து மிதக்கும் இந்த வகைக்கு அதன் பெயரே நிலைத்தது. பம்பாயிலோ அந்த நாட்களில் கோட்டை மதிலை இடித்துக்கொண்டிருந்தார்கள், நகரம் பெருகவேண்டும் என்று. 1863-இல் இந்தியக் கடற்படையும் கலைக்கப்பட்டது. செல்வம் உண்டு, மதில் இல்லை, படை இல்லை. ஆகவே மிதக்கும் இரும்புப் பெட்டிகள் இரண்டு வேண்டும் என்று முடிவாயிற்று.

இந்திய அமைச்சகத்தின் வழியாக இரு கப்பல்களுக்கு ஆணை பிறந்தது. ஒன்றின் பெயர் 'மக்தலா'. மற்றதன் பெயர் 'அபிசீனியா'. பெயர்களின் பின்னணி அறியத்தக்கது. அபிசீனியா என்பது இன்றைய எத்தியோப்பியா. அந்நாட்டுப் பேரரசர் தெவோத்ரோசு ஐரோப்பியர் சிலரைச் சிறைப்பிடித்தார். அவர்களை மீட்க, பம்பாய்ப் படைத்தலைவர் இராபர்ட் நேப்பியரின் கீழ் ஏறத்தாழ 13,000 வீரர்கள் கொண்ட படை பம்பாயிலிருந்து கப்பலேறியது. இந்தியாவிலிருந்து 44 யானைகளும் கடல் கடந்தன. சென்னை மாகாணத்துச் சுரங்கப் படையினரும் உடன் சென்று மலைப்பாதை வெட்டினர். அவர்களுடைய படைப்பிரிவு 'அபிசீனியா' என்பதைப் போர்ச் சிறப்புப் பெயராகப் பெற்றது. 1868 ஏப்ரல் 13-இல் மக்தலா மலைக்கோட்டை வீழ்ந்தது. தெவோத்ரோசு தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். செலவு 80 இலட்சம் பவுனைத் தாண்டியது. இந்தியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் எந்தப் பகையும் இல்லை. ஆனாலும் அங்கே சென்ற இந்தியப் படையினரின் வழக்கமான சம்பளம் இந்திய வரிப்பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டது.

தோற்ற மன்னனின் கோட்டையும் நாடும் பம்பாயின் காவற்கப்பல்களுக்குப் பெயராயின. வென்ற ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வது தமிழ் மன்னர்க்கும் உண்டு. 'கடாரம் கொண்டான்', 'மதுரை கொண்டான்' என்பன கல்வெட்டுகளில் நிறைய. ஆனால் கடாரம் சென்ற சோழன் தன் செலவில் சென்றான்; அடுத்த நாட்டானின் களஞ்சியத்தைத் திறந்துகொண்டு போகவில்லை.

மக்தலாவை இலண்டனின் தேம்சு இரும்பாலையார் கட்டினர். 1870 மார்ச் 2-இல் நீரில் இறங்கியது. அபிசீனியா அதற்குச் சில நாட்கள் முன்னர், பிப்ரவரி 19-இல், இலண்டனிலேயே டட்ஜன் நிறுவனத்தின் துறையில் இறங்கியது. இரண்டும் எட்வர்ட் ரீடு என்னும் ஆங்கிலக் கப்பற்சிற்பியின் வடிவமைப்பு. ஆசுதிரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்காக அவர் வரைந்த 'செர்பெரசு' என்னும் கப்பலே மூலமாதிரி. மக்தலா அதன் நேர் உருவம். அபிசீனியா செலவு கருதிச் சற்றே சுருக்கிய உருவம்.

மக்தலாவின் நீளம் 225 அடி. அகலம் 45 அடி. எடை 3,340 டன். கப்பலின் மேல்தளம் நீர்மட்டத்திலிருந்து நான்கடிக்குள் தாழ்ந்திருந்தது. தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு நீரில் மூழ்கிய பாறையின் முதுகு போலத் தோன்றும். அதன் நடுவே கவசச் சுவரால் சூழப்பட்ட ஒரு மேடை. மேடையின் இரு முனைகளிலும் சுழலும் கோபுரம் ஒவ்வொன்று. கோபுரத்துக்கு இரண்டு பீரங்கிகள். பக்கவாட்டுக் கவசம் 6 முதல் 8 அங்குலம். கோபுரக் கவசம் 9 முதல் 10 அங்குலம். இதன் பின்னும் தேக்கே. பீரங்கி ஒவ்வொன்றும் 18 டன் எடை. அது வீசும் குண்டு ஏறத்தாழ 400 ராத்தல். இரண்டு சுழல்விசிறிகள், மணிக்குப் பத்துக் கடல் மைல் வேகம். இந்தக் கப்பல் துறைமுகத்துக்குப் பொருந்தும், பெருங்கடலுக்குப் பொருந்தாது. ஆகவே 1870–71 குளிர்காலத்தில் பம்பாய்ப் பயணத்துக்காக மட்டும் மூன்று தற்காலிகப் பாய்மரங்களை நட்டு அனுப்பினர். ஊர் வந்து சேர்ந்தபின் பாய்மரத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று.

விலை? மக்தலாவுக்கு 1,32,400 பவுன். அபிசீனியாவுக்கு ஏறத்தாழ 1,16,500 பவுன். அக்காலத்தில் ஒரு பவுன் ஏறத்தாழப் பத்து ரூபாய். எனவே இரண்டும் சேர்ந்து 25 இலட்சம் ரூபாய் அளவு. வ.உ.சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் திட்டமிட்ட மூலதனமே 10 இலட்சம் ரூபாய்தான். அதனைப் பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக ஊர் ஊராகச் சென்று திரட்ட அவர் பட்ட பாடு நாடறிந்தது. அப்பணத்தில் பிரான்சிலிருந்து வந்த 'காலியா' கப்பல் பயணிகளையும் சரக்கையும் சுமந்தது. காலமும் நாணய மதிப்பும் வேறு என்பதால் இவ்விரு தொகைகளையும் அப்படியே நிறுத்துப் பார்ப்பது முறையன்று. எனினும் 25 இலட்சம் என்பது அந்நாளில் எத்துணைப் பெரிய தொகை என்பதை உணர இஃது உதவும். இந்திய அமைச்சகம் இலண்டனில் இருந்தாலும் அதன் செலவுகளை ஏற்றது இந்திய வருவாய். அந்த வருவாயின் பெரும்பங்கு நிலவரி. திண்டுக்கல் வட்டத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் சோளமும் கம்பும் விதைத்த குடியானவனின் கிஸ்தியில் ஒரு சிறு துளி மக்தலாவின் தகட்டிலும் ஒட்டியிருந்தது.

பம்பாய் வந்த பின் இவ்விரு கப்பல்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எளிது, ஒன்றும் நிகழவில்லை. கோயில் தேரை நினைத்துக்கொண்டால் போதும். ஆண்டு முழுவதும் நிலையில் நிற்கும். ஓலைக் கீற்று மறைத்திருக்கும். திருவிழா நாளில் வடம் பிடித்தால் ஒரு சுற்று வரும். மக்தலாவும் அவ்வாறே துறைமுகத்தில் நின்றது. பீரங்கிப் பயிற்சிக்காக எப்போதேனும் கடலுக்குச் சென்று திரும்பியது. தேருக்குள்ளாவது தெய்வம் உண்டு.

அவை நின்றுகொண்டிருந்தபோதுதான் தாது ஆண்டு வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சுட்டெரித்த அந்தப் பஞ்சத்தை இப்பகுதியின் முதியோர் தம் பாட்டன் பாட்டியர் வாயால் கேட்டிருப்பர். பஞ்சக் கும்மிகளாகப் பாடியும் வைத்தனர் நாட்டுப்புறப் புலவர்கள். திண்டுக்கல் அன்று அடங்கியிருந்த மதுரை மாவட்டமும் அதில் தப்பவில்லை. 1875-இல்தான் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இரயில் பாதை திறந்திருந்தது. இரும்புப் பாதை வந்தும் பசி தீரவில்லை. தானியம் விலை உள்ள இடத்துக்கு ஓடியது. பஞ்ச காலத்திலும் இந்தியத் தானியம் கடல் கடந்து ஏற்றுமதியானது. 1877-இன் தொடக்கத்தில், அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு அனுப்பிய சர் இரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்திற்கு வந்து, நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது போதாது என்று கடுமையாக எதிர்த்து எழுதினார். அரசு செலவைச் சுருக்குவதிலேயே குறியாக இருந்தது.

ஒரு ராத்தல் தானியம் என்பதையும், 400 ராத்தல் குண்டு என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பயிற்சிக்காகக் கடலில் வீசி எறியப்பட்ட குண்டு ஒவ்வொன்றும், எடைக்கு எடை, 400 பேரின் ஒரு நாள் தானியம். இப்படி ஒப்பிடுவது ஆய்வு நெறி ஆகாது, இராணுவக் கணக்கு வேறு பஞ்சக் கணக்கு வேறு என்று கூறும் அறிஞர்கள் உண்டு. ஏடுகளில் வேறுதான். கட்டியவன் ஒருவன்தானே!

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. ஒன்றும் நிகழவில்லை என்பதே காவலின் வெற்றி என்று வாதிடலாம். பூட்டிய வீட்டில் திருடன் நுழையவில்லை என்பதற்காகப் பூட்டு வீண் என்று திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி ஒப்புக்கொள்வாரா? 1878-இலும் 1885-இலும் உருசியாவோடு போர் மூளும் என்ற அச்சம் இந்தியாவில் பரவியது. 1883-க்குப் பின் பிரெஞ்சுக் கவசக் கப்பல்களே சூயசு கால்வாய் கடந்து இந்தியப் பெருங்கடல் வழியாகக் கீழ்த்திசைக்குச் சென்றன. 'பயார்' என்னும் கப்பல் தளபதி கூர்பேயின் தலைமைக் கப்பல். 1885 ஜூன் 11-இல் பெசுகடோர்சுத் தீவுகளில் அவர் அக்கப்பலிலேயே உயிர் நீத்தார். 'திரியோம்பாந்து' என்னும் மற்றொரு கவசக் கப்பல் 1884 ஆகஸ்டு 23-இல் சீனத்தின் பூச்சௌ துறையில் போரிட்டது. இவற்றின் பீரங்கிகள் சீனத்தையும் வியட்நாமையும் நோக்கியிருந்தன, பம்பாயை அல்ல.

திரியோம்பாந்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரை இலக்கிய வட்டத்தார் அறிவர். ழூலியன் வியோ என்பது அவர் இயற்பெயர்; பியேர் லோத்தி என்பது புனைபெயர். அக்கப்பல் 1885-இல் நாகசாகியில் தங்கியபோது கண்டவற்றைக் கொண்டே அவர் 1887-இல் 'மதாம் கிரிசாந்தேம்' நாவலை வெளியிட்டார். பின்னாளில் இந்தியாவுக்கும் வந்தார். திருவரங்கத்தையும் மதுரையையும் புதுச்சேரியையும் கண்டு, 'ஆங்கிலேயர் இல்லாத இந்தியா' என்னும் பொருள்படும் தலைப்பில் 1903-இல் நூல் எழுதினார். கவசக் கப்பலின் பீரங்கி முழக்கத்தை இன்று நினைப்பார் இல்லை. அதில் இருந்த எழுத்தரின் நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

பூட்டு வாதத்திற்கு மீண்டும் வருவோம். அதனை முற்றும் தள்ளிவிட முடியாது. ஆனால் பூட்டு யாருடையது, பெட்டிக்குள் இருந்தது யாருடைய பொருள் என்ற கேள்வி எஞ்சுகிறது. பம்பாய்த் துறையில் காக்கப்பட்ட பருத்தி இலங்காஷயர் ஆலைகளுக்கான பருத்தி. பெட்டிக்கு விலை கொடுத்தவன் ஒருவன். சாவி இருந்தது இன்னொருவன் இடுப்பில். பதிற்றுப்பத்துப் புலவர்கள் பாடிய மெய்ம்மறை இதுவன்று.

1892-இல் மக்தலாவின் பழைய பீரங்கிகள் நீக்கப்பட்டு, பின்புறமாகக் குண்டு இடும் எட்டங்குலப் பீரங்கிகள் பொருத்தப்பட்டன. அவ்வாண்டே இரு கப்பல்களும் இராயல் இந்தியன் மரைன் அமைப்பின் பொறுப்புக்கு வந்தன. அதற்குள் உலகின் கப்பல் தொழில் எங்கோ போய்விட்டிருந்தது. எஃகுக் கவசம், நெடுந்தொலைவுப் பீரங்கி, டார்பிடோ என்று காலம் மாறியபின் தேனிரும்புத் தகடு வெறும் பாரம். அபிசீனியா 1903-இலும் மக்தலா 1904-இலும் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டன. முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தும், பகைவன் மேல் ஒரு குண்டேனும் வீசும் நாள் அவற்றிற்கு வரவேயில்லை.

பகைவன் வராமலும் இல்லை. பத்தாண்டு கழித்து வந்தான். அதுவும் மறு கரைக்கு. 1914 செப்டம்பர் 22 இரவு, செர்மானியக் கப்பல் 'எம்டன்' சென்னைக்கு முன் வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டு, அரை மணி நேரத்திற்குள் இருளில் மறைந்தது. நகரத்தின் ஒரு பகுதி ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியது. மக்தலாவின் பெயரை முப்பது ஆண்டுகளில் ஒரு தமிழனும் உச்சரிக்கவில்லை. எம்டனோ ஒரே இரவில் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று இவ்வூர்ச் சந்தையிலும் சொல்லக் கேட்கலாம். அந்த ஒரு கப்பலுக்குத்தான் நம் பேச்சுவழக்கு இடம் கொடுத்தது.

மக்தலாவின் மூத்த உடன்பிறப்பான செர்பெரசு மட்டும் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. 1871 ஏப்ரலில் மெல்போர்ன் சேர்ந்த அக்கப்பலும் போர் காணாமலேயே மூப்படைந்தது. 1926-இல் அந்நகருக்கு அருகே அரைமதி வளைகுடாவில் அலைத்தடுப்பாக மூழ்க வைத்தனர். 1993-இல் அதன் அடிப்பகுதி நொறுங்கிச் சரிந்தது. கோபுரங்கள் நீருக்கு மேலே துருவேறி நிற்கின்றன. அவற்றைப் பார்த்தால் பம்பாயில் நின்றவை எப்படி இருந்திருக்கும் என்று அறியலாம்.

பம்பாய்த் தச்சர்கள் தேக்கில் கட்டிய திரிங்கோமலி இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் துறைமுகத்தில் இருக்கிறது. செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்துள்ளனர். அதன் உடல் மரத்தில் பெரும்பகுதி 1817-இல் வைத்த அதே தேக்கு. இன்றும் மிதக்கிறது.